தேரை நிறுத்தச் சொன்ன நாள்

என் மகளுக்கு ஓட்டிசம். இந்த மூன்று சொல்லையும் வெளியில் சொல்ல எனக்கு எட்டு வருடம் எடுத்தது. முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதற்காக அவன் என்னைக் கோபிக்க மாட்டான். தானே கோபித்துக்கொண்டு மலையேறினவன்தானே.

நாங்கள் லண்டனில், ஹரோவில் இருக்கிறோம். மகளின் பெயர் ஆரணி. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது டொக்டர் சொன்னார், மூளை வளரும் விதமே வேறு, அதுதான் பேச்சு வரவில்லை என்று. அன்றைக்கே என் மச்சாள், இவருடைய அக்கா, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். "வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. நாளைக்கு மூத்தவளின்ரை கலியாணமும் பிழைச்சுப் போயிடும்."

மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது! ஆறு வயதுப் பிள்ளையின் கலியாணத்துக்குப் பயந்து மூன்று வயதுப் பிள்ளையை மறைத்தோம். கோயிலில் யாராவது கேட்டால், "அவவுக்கு இங்கிலீஷ்தான் விளங்கும், சரியான வெட்கம்" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தி சொல்ல மட்டும் ஆட்களுக்குக் குறைவில்லை. "ரெண்டு பேரும் வேலை வேலையெண்டு திரிஞ்சால் பிள்ளை எப்பிடிக் கதைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். என்ன வேலை? நான் வேலையை விட்டு எட்டு வருடம். ஆரணி பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் நிற்கவேண்டும் என்று இவர் பெற்றோல் செட்டில் காலை ஷிப்ட் மட்டும் எடுப்பார். அவளுக்கு நகம் வெட்ட இரண்டு பேரும் வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு விரல். தயிர்ச் சோறு மட்டும் தின்னும் பிள்ளைக்கு ஒரு கரண்டி பருப்புப் பழக்க ஏழு மாதம் போனது. வண்டிச் சில்லு, அதுதான் சக்கரம், சுற்றுவதைப் பார்த்தால் அவள் மகிழ்ந்து போவாள் என்று, ஞாயிறு தோறும் பஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்போம். மழையிலும் நிற்போம். இவ்வளவையும் களவெடுக்கிறவர்கள் போல ஒளித்து ஒளித்துச் செய்தோம். எங்கள் பிள்ளைக்குத்தானே செய்தோம், எதற்கு ஒளித்தோம்?

வெள்ளிக்கிழமை விரதம் ஒன்றும் விட்டதில்லை. ஒரே வேண்டுதல்தான், அவள் வாய் திறந்து கதைக்க வேண்டும்.

போன கோடையில் எங்கள் முருகன் கோயில் தேர்த் திருவிழா. இவர் நேர்த்திக்கடனுக்கு வடம் பிடிக்கப் போய்விட்டார். நான் ஆரணியின் கையைப் பிடித்தபடி தெருவோரம் நின்றேன். தேர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றதும், அவள் பெயருக்கே அர்ச்சனை செய்ய, தட்டைத் தூக்கி ஐயரிடம் கொடுத்தேன். தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

தேர் நகரத் தொடங்கிவிட்டது. சனமென்றால் அப்படிச் சனம். அறிவிப்பு மேடைக்கு ஓடினேன். "ஆரணி, உடனடியாக மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவள் வருவாளா? அங்கே நின்ற தொண்டர் ஒருவர், எங்களை நன்றாகத் தெரிந்த அக்கா, சொன்னார்: "இப்பதான் கண்டனான். அம்மா எங்கை எண்டு கேட்டன், ஒண்டும் சொல்லேல்லை. வெட்கம் எண்டு நீங்கள் சொல்லுறனீங்கள்தானே, அதுதான் விட்டிட்டன்."

அந்த அக்காவில் ஒரு பிழையும் இல்லை. என் பொய்யை அவர் நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

அந்த இடத்திலேயே முருகனோடு சண்டை பிடித்தேன். "உன்னை வளர்க்க ஆறு தாய்மார் வந்தினம். என்ரை பிள்ளைக்கு நானும் என்ரை மனுசனும் மட்டும்தான். இனி அவள் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. உயிரோடை தா!"

அடுத்த கணம் மைக் என் கையில் இருந்தது. யார் தந்தது, நான் பிடுங்கினேனா, இன்றுவரை தெரியாது. மச்சாள், ஊர்ச்சனம், எல்லோரும் கேட்கக் கத்தினேன். "என்ரை மகளுக்கு ஓட்டிசம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விலகு எண்டால் விலக மாட்டாள். தொட்டால் பயந்து ஓடுவாள். சில்லு சுத்துற இடத்துக்குத்தான் போவாள்..." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, தேரை நிப்பாட்டுங்கோ!"

தேர் நின்றது. சில்லுக்குக் கட்டை வைக்கும் அண்ணை ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சை இருக்கிறா!" என்று கத்தினார். பின்சில்லுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில் குந்தியிருந்தாள். அந்த அண்ணை அவளைத் தொடவில்லை. சில்லுக்கும் அவளுக்கும் நடுவில் தானும் குந்தி, நான் போகும்வரை அசையாமல் இருந்தார்.

எட்டு வருடமாக அவளுக்குக் கேட்ட வாயை முருகன் எனக்குத் தந்தான். அவளை உயிரோடு தந்தான்.

அன்றைக்கே மூன்று பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அதில் ஒருவரைப் பத்து வருடமாகக் கோயிலில் காண்கிறேன். காதுக்குள் சொன்னார்: "என்ரை மகனும் இப்பிடித்தான். தகப்பனோடை வீட்டிலை விட்டிட்டு வந்தனான்." பத்தொன்பது வயதாம். அப்படி ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்தத் தாயில் இல்லை, அவரைக் குசுகுசுக்க வைத்த எங்கள் எல்லோரிலும்.

ஆரணி இன்னும் கதைக்கவில்லை. இப்போது பூசையில் முன்னுக்கு இருக்கிறோம். அவள் குதிப்பாள், சத்தம் போடுவாள். திரும்பிப் பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்பதில்லை. மச்சாள் எனக்கு முகம் கொடுப்பதில்லை. போகட்டும்.

அடியார்களே, அவனை நம்புங்கள். கோபம் வந்தால் கோபித்தே கேளுங்கள், அதையும் கேட்பான். ஆனால் பிள்ளையை வீட்டில் மறைத்து வைத்துவிட்டு வந்து, அந்தப் பிள்ளைக்காக அவனிடம் கையேந்தாதீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். யாராவது முகம் சுளித்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.