ஏழாம் மாத வளையல்

போன வாரம் வேலூருக்குப் போகும்போது, கண்ணமங்கலம் தாண்டும்வரை காரில் யாரும் பேசவில்லை. பின் சீட்டில் பத்மாவின் வளையல் சத்தம் மட்டும்...

பத்மா எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். புருஷன் குமாரோடு சேர்ந்து பட்டு நெய்கிறாள். இப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. தெருவுக்கே விருந்து—நானும் ஒரு பிடி பிடித்தேன்.

ஐந்தாம் மாதமே எடுக்க வேண்டிய ஸ்கேன். வளையல் போடுவதற்கு முன்னால் எடுத்தால் கண் பட்டுவிடும் என்று மாமியார் தள்ளிப்போட்டுவிட்டார். பாசத்தில் செய்ததுதான். யாரைத் திட்டுவது?

வளைகாப்பு முடிந்து எடுத்தார்கள். குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லை. பிறந்தாலும் தங்காது என்றார்கள்.

சரி, கலைத்துவிடலாமா? இருபத்து நாலு வாரம் தாண்டிவிட்டதே! அதற்குமேல் என்றால் மெடிக்கல் போர்டு டாக்டர்கள் உட்கார்ந்து பேசி அனுமதி தர வேண்டும். சட்டம் அப்படி.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் வயிறு... இதில் சர்க்காருக்கு என்ன வேலை? ஆனால் உள்ளே அது உதைத்துக்கொண்டும் இருக்கிறதே? உயிர் எப்போது தொடங்குகிறது என்று டிவியில் கத்துகிறவர்கள் அந்தக் காரில் வந்திருந்தால், வாயை மூடிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் போர்டு முன்னால் நடந்ததைக் குமாரே பிற்பாடு சொன்னான். சாமியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவன் கட்சி. அதைச் சொல்ல ஆரம்பித்ததுமே மூத்த டாக்டரம்மா நிறுத்திவிட்டாராம். பத்மாவின் சம்மதம்தான் வேண்டும், அவள் பேசட்டும் என்றாராம்.

ஸ்கேனைத் தள்ளிப்போட்டபோது வீட்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது சட்டம்தான்! என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

"தினம் உதைக்குதுங்க. தங்காதுன்னு தெரிஞ்சிகினே இன்னும் எப்படிங்க சுமக்கறது?" என்றிருக்கிறாள் பத்மா.

போர்டு அனுமதித்தது.

வார்டில் நான்தான் துணைக்கு இருந்தேன். டிரிப்ஸ் போட வந்த நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னார். எங்கள் பக்கம் வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்ற மாட்டோம். கழற்றினால், பிரசவம் பார்ப்பவருக்குத்தான் கொடுப்போம். பத்மா ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பிறகு நர்ஸிடம் நீட்டினாள்.

"இதுக்கும் குடுக்கலாமாங்க?"

நர்ஸ் டிரிப்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடும்மா. நான் பிரசவம்தானே பார்க்கப் போறேன்."

வாங்கித் தன் கையிலேயே போட்டுக்கொண்டார். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அழாமல் இருந்த பத்மா அப்போதுதான் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

சர்க்கார் வாரக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை... கூடவே அந்த நர்ஸ் மாதிரி ஓர் ஆளையும் வைக்கட்டும்!