நான் யாரு முடிவெடுக்க?

"மூச்ச நல்லா உள்ள இழுங்க... ம், மெதுவா விடுங்க" என்கிறார் அவர். திரையின் சின்னச் சதுரங்களில் இருக்கும் ஐந்து பேரும், பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்க, மரியாதைக்குத் தோளைத் தூக்கி இறக்குகிறார்கள். பிறகு அன்றைய சிந்தனை இறங்கும். "தலைவன்னு தனியா யாரும் கிடையாது. நான் வெறும் தோட்டக்காரன். தண்ணி ஊத்துறதோட என் வேலை முடிஞ்சுது. வளர்றது நீங்க." இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன குழு அவருக்கு வைத்த பெயர் தோட்டக்காரர். முதுகுக்குப் பின்னால்தான்.

மருத்துவரைப் பார்க்க நோயாளிகள் கைப்பேசியிலேயே நேரம் குறித்துக்கொள்ளும் செயலி ஒன்றை உருவாக்கிப் பராமரிப்பது அந்தக் குழுவின் வேலை. எல்லோரும் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். மேலாளர் என்று அவரைச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். 'சார்' கூடாது, 'பாஸ்' கூடவே கூடாது. சம்பளம் மட்டும் மேலாளருடையது. அதில் அவர் தத்துவம் பார்ப்பதில்லை.

யாராவது விடுப்புக் கேட்டால், "நான் யாரு உங்களுக்கு லீவு குடுக்க? உங்க மனசாட்சியக் கேட்டுப் பாருங்க" என்பார். ஒருவருடைய மனசாட்சியும் இதுவரை விடுப்புக் கொடுத்ததில்லை. புதுப் பதிப்பை இன்றைக்கே வெளியிடலாமா என்று கேட்டால், "உங்க உள்ளுணர்வு என்ன சொல்லுது?" வெளியிட்டது நன்றாகப் போனால் மேலிடத்தில் போய்த் தோட்டத்தின் பெருமை பேசுவார். சொதப்பினால் செடிகளே போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடவா என்று மனைவி கேட்டால், "நீயே முடிவெடு. உன் சுதந்திரத்துல நான் தலையிட மாட்டேன்." அந்த அம்மாள் ஒருநாள் தங்கையிடம் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "இவருக்கு ஆபீஸ்ல என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியலடி. வீட்ல ஒண்ணுமில்லன்னு மட்டும் தெரியும்." ஆதிக்கம் செய்யாத கணவன் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று அவர் உள்ளம் குளிர்ந்துபோனார். என்ன ஜென்மமோ!

போன வாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. குழுவில் ஒருவரைக் குறைக்க வேண்டும். யார் என்று அவரே சொல்ல வேண்டும். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவருடைய பிழைப்பு போகப்போகிறதே என்றல்ல, தன் வாயால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று. கடைசியில் தத்துவம் கைகொடுத்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் மூச்சு விட்டு முடித்ததும் அறிவித்தார்.

"நம்மள்ல ஒருத்தர் போக வேண்டியிருக்கு. யாருன்னு நான் சொன்னா அது அதிகாரம். அதனால நீங்களே சேர்ந்து முடிவெடுங்க. ஓட்டு ரகசியமாத்தான் இருக்கும்."

திரையில் ஐந்து பெயர்கள் விரிந்தன. அவர் பெயர் அதில் இல்லை. தோட்டக்காரரைப் போய்ச் செடிகளோடு சேர்ப்பார்களா?

ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. செயலியில் பிழை பார்க்கும் பெண்மணிதான் குழுவில் மூத்தவர். இது யார் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

"சார்" என்றார். அந்த வார்த்தையை வேண்டுமென்றே சொன்னார். "என் வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான். அது உங்களுக்கும் தெரியும். போகச் சொன்னா போறேன். ஆனா இந்தப் பிள்ளைங்க கையில கத்தியக் குடுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, நானா இல்லையா?"

"அது வந்தும்மா... உங்க உள்ளுணர்வு..."

"என் உள்ளுணர்வ விடுங்க. உங்க வாயால சொல்லுங்க."

ஐந்து முகங்களும் அவரையே பார்த்தன. அவர் வாய் பாதி திறந்தது, அப்படியே நின்றுவிட்டது. கழுத்து அசையவில்லை, இமை ஆடவில்லை. இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டதைப் போலவே இருந்தது.

"சார்? நான் பேசுறது கேக்குதா?"



அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தார். மேசையிலிருந்த காலி டம்ளரை எடுத்தவர், குனிந்து கணவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க, ஏன் இப்படி வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கீங்க?"

ஐந்து பேருக்கும் அது தெளிவாகக் கேட்டது. அவருடைய கண்ணில் எரிச்சலெடுத்து நீர் கோத்துக்கொண்டது. அப்போதும் அவர் இமைக்கவில்லை.