நடுவரம்மா வீட்டுச் சத்தம்

வெறும் பத்து மார்க். அதற்காக ஒரு மனிதன் ஆறு வருஷம் மனசுக்குள் கறுவிக்கொண்டிருப்பானா என்று யாரும் கேட்கலாம். மோட்டார் என்கிறவர் கறுவிக்கொண்டுதான் இருந்தார்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் இறைக்கிற பம்பு, எது கருகி வந்தாலும் பழைய செம்புக் கம்பியை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றி அனுப்புவார். செல்போனில் அவர் இருந்த விளையாட்டுக் குழுவில் பதினான்கு பேர். யார் முகமும் யாருக்கும் தெரியாது. தொழில்தான் பேர். லிஃப்ட் ஓட்டுகிறவர் லிஃப்ட், மருந்துக்கடை வைத்திருக்கிற பெண் மருந்துக்கடை, இவர் மோட்டார். கேள்வி கேட்கிற அம்மா மட்டும் நடுவரம்மா.

தினம் பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே அழைப்பில் கூடுவார்கள். நடுவரம்மா ஒரு துண்டு இசையைப் போடுவார். சினிமாப் பாட்டுக்கு நடுவில் வருகிற வாத்தியமாக இருக்கும், டிவி தொடரின் ஆரம்ப இசையாக இருக்கும், எப்போதோ வந்த விளம்பரமாகக்கூட இருக்கும். பத்து நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கும் தேடிப் பார்க்கக் கூடாது. கை தவறிப் பார்த்துவிட்டால் "பார்த்துட்டேன்" என்று தானே ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். அந்தக் குழுவுக்கு இருந்த ஒரே சட்டம் அது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் இரண்டே நொடி ஓடுகிற இசை வந்தது. பதின்மூன்று வாரத்தில் மூட்டை கட்டிய ஒரு தொடர். மோட்டார் சட்டென்று பேரைச் சொன்னார். பேர் சரிதான். ஆனால் நடுவரம்மாவின் கணீர்க் குரல் குறுக்கே வந்தது.

"மோட்டார், பார்த்துட்டுச் சொல்றீங்களா?"

"இல்லைங்க. காதுல கேட்டதுதான்."

"அதுல நடிச்சவங்களுக்கே ஞாபகம் இருக்காது. மார்க் கிடையாது. அடுத்த கேள்வி."

லிஃப்ட் சும்மா இருக்கவில்லை. பிட் அடிக்கிற சாமர்த்தியம் அன்றைக்கே இருந்திருந்தால் அண்ணன் எட்டாவது பாஸ் பண்ணியிருப்பாரே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டாவதில் கோட்டைவிட்ட கதையை மோட்டாரேதான் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அன்று பரீட்சையில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவர் அவர். பக்கத்துப் பெஞ்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொல்லத் தோன்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், அந்தத் தொடர் ஓடின நாளில் அவர் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கையாளாக இருந்தார். சரிபார்க்க வைத்திருந்த பதினோரு டிவியும் ஒரே நேரத்தில் அந்த இசையைப் பாடும். தொடக்கத்திலேயே, பெல்ட் தளர்ந்த டேப்பில் பிடித்ததுபோல ஒரு தள்ளாட்டம் இருக்கும். அவருக்கு அது போதும்.

அந்தப் பத்து மார்க் இருந்தால் டாக்டர் பட்டமா கொடுக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரி இடித்துக் காட்டுவாள். அவ்வளவு ரோஷம் இருந்தால் குழுவை விட்டு வெளியே வரவேண்டியதுதானே என்பாள். வந்தால் திருடன் என்று தானே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெஞ்சில் மல்லாந்து, காதில் இயர்போனை மாட்டிக் கண்ணை மூடினால் அந்த அரைமணி நேரம் அவர் இந்த உலகத்தில் இல்லை. லிஃப்டின் பக்கம் மாடிக்கு ஒரு மணி அடிக்கும். ஒரு கட்டடமே அவர் காதுக்குள் மிதந்து ஏறி இறங்கும். மருந்துக்கடையில் கண்ணாடிக் கதவு திறந்தால் தெரு முழுக்க உள்ளே பாய்ந்து, மூடினதும் குளத்தில் கல் விழுந்ததுபோல அடங்கும். நடுவரம்மா வீட்டில் எண்ணெய் வற்றின மின்விசிறி ஒன்று மூன்று சுற்றுக்கு ஒருதரம் டக்கென்று சொல்லும். வெள்ளைத் திரை, குளிர்ந்த தரை, ஜன்னலில் புறா. அவராகக் கட்டிக்கொண்ட அறை அது. எத்தனையோ பகலில் எண்ணெய்க் குப்பியோடு அந்த அறைக்குள் நடந்து போயிருக்கிறார். ஸ்டூலைப் போட்டு ஏறி இரண்டு சொட்டு விட்டுவிட்டு இறங்கி வருவார். பத்து மார்க் தராத அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டைப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் ஒருநாள் அந்த அறையில் சத்தம் மாறியது. மின்விசிறி அமுங்கிப்போய் அடியில் உர்ரென்று ஓர் உறுமல், சில நொடிக்கு ஒருதரம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. முதலில் மீன்தொட்டி என்று நினைத்தார். மறுநாளும் கேட்டார். நடுவரம்மா வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். அப்போது புரிந்தது. அதே மாதிரி மெஷின் ஒன்றை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அவரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்று பாட்டு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் தனியாகக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் மோட்டார் பேசறேங்க."

"சொல்லுங்க. மார்க் விஷயமா?"

"இல்லைங்க. உங்க ஆக்ஸிஜன் மெஷினுக்குப் பின்னாடி ஒரு ஃபில்டர் இருக்கும். தூசி அடைச்சுக் கெடக்கு, மோட்டார் திணறுது. கழட்டி அலசி, நல்லாக் காயவெச்சு மாட்டச் சொல்லுங்க."

மெஷின் மூன்று தடவை மூச்சு விட்டது.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. கேக்குதே."

வேறு என்ன கேட்கிறது என்று அந்த அம்மா விசாரித்தார். வீட்டுக்குள்ளே எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் சரியாக மூடவில்லை என்றார் இவர். சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பி இருமலில் போய் முடிந்தது.

"அப்போ அன்னைக்கு நீங்க பார்த்துச் சொல்லல."

"இல்லைங்க."

"தப்பு என்மேலதான். இன்னைக்கே குழுவுல சொல்லிடறேன்."

ஆறு வருஷமாகக் காத்திருந்த பேச்சு. ஆனால் லிஃப்ட் விடமாட்டார். திடீரென்று எப்படித் தெரிந்தது என்று குடைவார். மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அந்த அம்மா முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வண்டி நேரம் அறிவித்தவராம். தனிக்கட்டை. இப்போது நுரையீரல் சுருங்கிவிட்டதாம், தங்கை மகள் வந்து பார்த்துக்கொள்கிறாளாம். எல்லாவற்றையும் மெஷினுக்கு இடம் விட்டு விட்டுச் சொன்னார்.

"விஷயம் தெரிஞ்சா, நான் பாட்டு போட்டா பதில் சொல்லமாட்டாங்க மோட்டார். குணமாகணும்னு பூப்படம் அனுப்புவாங்க."

"அப்போ வேண்டாங்க. மார்க் அப்படியே கெடக்கட்டும்."

சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கை விட்டுப்போய் இரண்டு தடவை பிரித்துச் சுற்றினார்.

ஒரு மாதம் கழித்து, வெளியூர் போவதாகவும் இனி மோட்டார்தான் நடுவர் என்றும் நடுவரம்மா அறிவித்தார். பார்த்துச் சொல்கிறவர் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றார் லிஃப்ட். மோட்டார் எச்சிலோடு அதையும் விழுங்கினார். மறுநாள் மாடிவீடு என்ற பேரில் புதிதாக ஓர் ஆள் சேர்ந்தது. அது பேசாது, பதிலை எழுதி மட்டும் அனுப்பும். யார் என்று மோட்டாருக்குத் தெரியும். மைக்கை அடைத்து வைத்திருந்ததால் அந்த வீட்டுச் சத்தம் இப்போது வருவதில்லை. கண்ணை மூடினால் திரை அசையும், புறா வாயைத் திறக்கும், எதுவும் கேட்காது.

போகப்போக மாடிவீட்டின் பதில்கள் பிந்தின, பிறகு பிசகின. ஒருநாள், நடுவரம்மாவே எத்தனையோ முறை கேள்வியாகப் போட்டிருந்த ஒரு பாட்டின் புல்லாங்குழல். மாடிவீடு தப்பான படத்தின் பேரை எழுதியது. மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாடிவீடு சரி. பத்து மார்க்" என்றார். லிஃப்ட் எகிறினார். மோட்டார் அழைப்பை முடித்துவிட்டார்.

உடனே போன் அடித்தது. அந்த அம்மாவின் குரலை அவர் கேட்டது அதுதான் கடைசி. மெஷின் திணறாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது, மனுஷிக்குத்தான் முடியவில்லை.

"தப்புக்கு... மார்க் போட்டிருக்கீங்க."

"வாய் தவறிடுச்சுங்க."

"தவறல. நீங்களும் பூப்படம்தான் அனுப்புறீங்க."

மெஷின் ஒருதரம் மூச்சு விட்டது, இன்னொருதரம் விட்டது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு... எல்லாரும் வந்தப்புறம்... மாடிவீடு சொன்னது தப்பு, மார்க் கிடையாதுன்னு சொல்லுங்க. முணுமுணுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல கடைசி ஆள் வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."