இடம் கிடைக்காத திமிங்கிலம்

திருகோணமலையில் சுற்றுலாக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் வள்ளம் எங்களுடையது. இந்த சீசனில் ஒருவரும் ஏறவில்லை.

"பெரிய திமிங்கிலம் எண்டு எல்லா வள்ளக்காரரும்தான் பலகையில எழுதியிருக்கினம், அம்மா. ஹியூமங்கஸ் எண்டு போடுங்கோ. அது பெரியதிலும் பெரியது," என்ற மகள் லதுஷா, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியும் தந்தாள்.

ஓஎல் பரீட்சையில் ஆங்கிலத்தைக் கோட்டைவிட்ட நான், சொல்லின் மதிப்புக்கேற்ப எழுத்துகளையும் பெரிதாகத் தீட்டினேன். அந்த ஒரு சொல்லோடு பலகை முடிந்துபோனது. திமிங்கிலத்துக்கு இடமில்லை. பெயின்டை வீணாக்க மனமில்லாமல் அதையே வள்ளத்தில் கட்டிவிட்டேன்.

ஆறு பேரே நெருக்கியடித்து இருக்கக்கூடிய சின்ன வள்ளம். அதில் 'ஹியூமங்கஸ்' பலகையைப் பார்த்த வெள்ளைக்காரச் சோடி விழுந்து விழுந்து சிரித்து, படம் எடுத்து, ஏறியும் விட்டது.

அன்றைக்குத் திமிங்கிலம் வரவேயில்லை.

"நல்ல காலம், நீர் திமிங்கிலம் எண்டு எழுதேல்லை," என்றார் கணவர்.