சின்னம்மா சோதித்த வானம்

எங்கள் தீவில் ஃபிலிம் கேமரா வைத்துக்கொண்டு அலைபவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது.

இரவு வானத்தை ஃபிலிமில் எடுப்பது என்றால், இருட்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரைத் திறந்துவிட்டு, மணிக்கணக்கில் கொசுக்கடி வாங்குவது. நட்சத்திரங்கள் நகர்ந்த தடம் கோடு கோடாகப் பதியும். முதலில் எங்கள் தீவின் டாலிகஞ்ச் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் முயன்றேன். எதிர்க்கடைக்காரர், பாவம் இருட்டில் கஷ்டப்படுகிறானே என்று தன் கடை விளக்கை என் பக்கம் திருப்பிவிட்டார்.

அதனால் போட் பிடித்து, விளக்கு குறைந்த இன்னொரு தீவான லாங் ஐலண்டுக்குப் போனேன். கரையில் ஒரு பெங்காலிக்காரர், "க்யா தேக் ரஹே ஹோ?" என்று, என்ன பார்க்கிறாய் என இந்தியில் கேட்டார். நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன் என்றேன். தன் மொபைலைத் தூக்கி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். "ஹோ கயா" என்றார். வேலை முடிந்ததாம், நான் வீட்டுக்குப் போகலாமாம்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரே ஒரு சுருள் தேறியது. கடல் தாண்டி மெயின்லேண்டில் ஒரு கண்காட்சியில் எனக்கென்று ஒரு சுவரைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்தச் சுவரை நினைத்தே நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் ஃபிலிம் கழுவ இங்கே ஆள் கிடையாது. நம் ஸ்டுடியோக்களுக்குத் தெரிந்த கலை, பாஸ்போர்ட் போட்டோவில் ஆளை வெள்ளையாக்குவது. விமானத்தில் அனுப்பலாம் என்றால், சோதனை எக்ஸ்ரே பட்டு ஃபிலிம் கெட்டுவிடும் என்ற பயம். இங்கே யார் கப்பல் ஏறினாலும் தெருவே அவர் கையில் பார்சல் கொடுத்து அனுப்பும். நானும் தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அம்மாவின் தங்கையிடம், அங்கே கழுவக் கொடுக்கச் சொல்லிச் சுருளைக் கொடுத்தேன். "சின்னம்மா, எக்காரணம் கொண்டும் திறந்துராதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் கப்பல் ஏறும் ஹேடோ வார்ஃபுக்கு வழியனுப்பப் போனேன். வரிசையில் நின்ற சின்னம்மா என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏல, திறக்காத திறக்காதன்னு நீ சொன்னதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. உள்ள சங்கு, பவளம்னு கொண்டு போகக் கூடாதது எதையாவது ஒளிச்சு வச்சிருந்தா செக்கிங்ல என்னையல்லா புடிப்பான்? அதான் காலைல வாசல்ல உக்காந்து முழுசா உருவிப் பாத்துட்டேன்."

"வெயில்லயா?"

"பின்ன, இருட்டுல என்னத்தத் தெரியும்?"

கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் ஒரு படமும் மிஞ்சாது. அந்தக் கோடையின் வானம் மொத்தமும் ஒரு காலை வெயிலில் போய்விட்டது. இனி மழை விடும்வரை மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த வார்ஃபே அதிரும்படி கத்த நினைத்தேன். ஆனால் சின்னம்மாவின் முகத்தில் எங்கள் இருவரையும் ஜெயிலிலிருந்து மீட்டுவந்த பெருமை.

வரிசை நகர்ந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் என் தோளில் தட்டினார்.

"பயப்படாத, பழையபடி அழகாச் சுத்தி வச்சிட்டேன். ஆனா அதுல ஒரு படமும் விழலையேல. அடுத்த வாட்டியாவது கேமரா மூடியக் கழத்திட்டு எடு."