மைதீன் கனியின் கடைசி மெடிக்கல்

பெட்டியின் மேல் மைதீன் கனி ஏறி உட்கார்ந்தார். ஷாஹினாஸ் ஜிப்பை இழுத்தாள். பாதி வழியில் அது குழந்தையின் நீலத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

“இன்னும் கொஞ்சம் அமுக்குங்க வாப்பா.”

“இதுக்கு மேல அமுக்கினா பெட்டி பெத்துப் போடும்.”

ஜிப் ஏறியதும் அவர் எழுந்து போய் நைலான் கயிற்றோடு வந்தார். மூன்று இரவுப் பயணத்துக்கு, அதுவும் சக்கரம் வைத்த பெட்டிக்கு, கயிறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் சவுதியின் தமாமுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் பெட்டி கட்டிய கை. குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. முடிச்சின் மேல் டேப் ஒட்டினார். கறுப்பு மார்க்கரால் மூன்று பக்கமும் தன் பெயரையும் ஊரையும் எழுதினார்.

கொச்சியிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் அது. தொலைக்காட்சியில் வரும் கும்பு என்ற நீல யானைக்குட்டியின் பெயரில் குழந்தைகளுக்காகவே நடத்துகிற பயணம். ஷாஹினாஸின் மகள் ஃபாஸிலாவுக்கு ஐந்து வயது. கும்புவைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. உண்மையில் இது ஷாஹினாஸின் கணவன் ஷரீஃபுக்கு எடுத்த டிக்கெட். ஷார்ஜாவில் அவனுக்கு லீவு கிடைக்காமல் போனதால், பத்து நாளுக்கு முன் அந்த இடத்தில் வாப்பாவின் பெயரைப் போட்டாள். ஏறுவதற்கு முன் ஒரு மெடிக்கல் ஃபாரம் உண்டு என்று அப்போதே அவரிடம் சொல்லியிருந்தாள். உம்மா சுபைதா பேகம், கடலைக் கரையில் நின்று பார்ப்பதே தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டாள்.

கயிறு கட்டி முடிவதற்குள் ஷாஹினாஸ் கைபேசியில் கப்பல்காரர்களின் உடல்நலப் படிவத்தைத் திறந்திருந்தாள்.

“சுகர் உண்டா வாப்பா?”

“இல்ல.”

“பிரஷர்?”

“இல்லன்னு போடு.”

“குளிகை எதாவது தின்னுதியளா?”

“எனக்கு என்னத்துக்குக் குளிகை? ஒனக்க மாமனாருக்குக் குடு.”

மூன்று கட்டத்திலும் ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். கொச்சியில் அவளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. எப்போதும் ‘சரி’ என்றே காட்டும் கருவியை நம்பாதே, புகை காட்டிப் பார் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வாள். வாப்பாவிடம் அவள் புகை காட்டிப் பார்க்கவில்லை.

அந்த ‘இல்லை’ முப்பத்தைந்து வருடப் பழக்கம். முதல் ஒப்பந்தம் முடிந்து 1989-இல் ஊருக்கு வந்த மைதீன் கனி, இரண்டாவது விசாவுக்காக மும்பையில் மெடிக்கல் பரிசோதனைக்குப் போனார். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. சிறு வயதில் வந்து ஆறிப்போன நோயின் தழும்பு. அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தாளில் ‘அன்ஃபிட்’ என்று சிவப்பு முத்திரை விழுந்தது. கூடப் போன ஆறு பேரும் விமானம் ஏறினார்கள். அவர் ரயிலில் திரும்பினார். பைப் ஃபிட்டருக்கு ஊரில் என்ன வேலை? பதினோரு மாதம் அருமனையில் ரப்பர் ஷீட் லாரிகளுக்குச் சுமை ஏற்றினார். அந்த இடைவெளியில்தான் ஷாஹினாஸ் பிறந்தாள்.

“உன்ன எனக்குத் தந்தது மெடிக்கல் அன்ஃபிட்டாக்கும்,” என்று பிறகு கேலி செய்வார். “அவன் ஃபிட்டுன்னு எழுதியிருந்தா, நீ பொறந்ததையே ஒனக்க உம்மா பேசி அனுப்புத கேசட்டுலதான் நான் கேட்டிருப்பேன்.”

அதற்குப் பிறகு, அந்த நிழலைப் பெரிதுபடுத்தாத வேறு இடங்களில், ஆறு மெடிக்கல். ஆறிலும் தேறினார். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஐந்து நாள் முன்பே எல்லாக் குளிகையையும் நிறுத்திவிட வேண்டும், தின்றால் மூத்திரத்தில் காட்டிக்கொடுக்கும். உப்பைத் தொடக் கூடாது. பார்லித் தண்ணீர் குடிக்கவேண்டும். கேட்டு முடிப்பதற்குள் ‘இல்லை’ என்றுவிட வேண்டும். பெட்டியில் மருந்துச் சீட்டின் துண்டுகூட இருக்கக் கூடாது. இதில் பாதி எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத சங்கதி. ஆனால் ஆறு முறை தேறியவரிடம் அதை யார் சொல்வது?

ஷாஹினாஸ் ஒருமுறை கணக்குப் பார்த்தாள். பதின்மூன்று லீவு, லீவுக்கு நாற்பத்தைந்து நாள், ஐந்நூற்று எண்பத்தைந்து நாள். கல்யாண வீடு, மரண வீடு, வீட்டுக்கு மேல்மாடி எடுப்பது என்று அத்தனை நாளும் போயிற்று. அவர் அவளைப் பேச்சிப்பாறை அணைக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை. ஃபாஸிலா “உப்பா, கப்பலுக்கு வருவியளா?” என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் “வாறேன்” என்றதற்கு அதுதான் காரணமா என்று அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கொச்சித் துறைமுகத்தில், யாரும் கேட்காத பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

“குடுத்துட்டானே!” என்றார் ஆச்சரியமாக. “சவுதியில எனக்க பாஸ்போர்ட்ட வாங்கின அர்பாப் ரெண்டு வருசத்துக்குக் கண்ணுல காட்டமாட்டான். இந்தக் கப்பலுக்க மொதலாளி நல்லவன் போலிருக்கு.”

உடல்நல மேசையில் இருந்த பெண் வாய் திறப்பதற்குள் நெஞ்சை நிமிர்த்தி, “நோ சுகர், நோ பிரஷர், மேடம்,” என்றார். அவள் சிரித்து உள்ளே விட்டாள்.

கப்பலில் எல்லாம் யானைமயம். படுக்கையில் துண்டை யானையாக மடித்து வைத்திருந்தார்கள். தோசைக்குக் காது இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு மணிக்குப் பதில் பிளிறல். வந்தவர்கள் எல்லார் தலையிலும் துணியில் தைத்த நீலக் காது. மைதீன் கனியும் மாட்டிக்கொண்டார்.

“யானைக்குக் கப்பல்ல என்ன வேல, உப்பா?” என்று ஃபாஸிலாவே கேட்டாள்.

“விசா கெடச்சிருக்கும். போவுது.”

அன்று சாப்பிடும்போது அவர் பப்படத்தையும் ஊறுகாயையும் தள்ளிவைத்தார். பல் கூசுகிறது என்றார். ஷாஹினாஸ் அதையும் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார். லிஃப்டுக்குப் பயந்து அவள் அழுதாள் என்று நான்கு மாடி படியேறினார். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷாஹினாஸ் பார்த்தபோது, மேல்தளத்து நிழலில் நீலக் காதோடு உட்கார்ந்து பிடரியை அமுக்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்ன வாப்பா?”

“ஒண்ணும் இல்ல. கடல்காத்து பிடரியில அடிச்சிட்டு.”

“கீழ டாக்டர் உண்டும். வாங்க, காட்டிட்டு வருவோம்.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

“டாக்டர்ட்ட போனா எழுதிப் போடுவான். எழுதிட்டான்னா நம்ம மூணு பேரையும் ஒரு மூலையில கொண்டு இருத்திருவான். பிள்ளைக்கு நாலு மணிக்கு யானை. அது கழியட்டும் மக்கா.”

“அப்படியெல்லாம் செய்யமாட்டாவ.”

“நீ எத்தன மெடிக்கல் பாத்திருக்கா?”

கும்புவோடு படம் எடுக்க ஃபாஸிலாவுக்கு நாற்பத்தொன்றாம் எண் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் குழந்தை அந்தச் சீட்டைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஷாஹினாஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐந்து. வேலையிடத்தில் இரண்டு மணி நேரம் எச்சரிக்கையை நிறுத்திவைக்கச் சொன்னால், எழுத்தில் கையொப்பம் கேட்பாள். இங்கே “சரி” என்றாள்.

நாலு மணிக்குக் கும்பு வந்தது. ஃபாஸிலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்: “உள்ள ஒரு மாமா இருக்காவ. வேர்த்து ஊத்துது.”

மைதீன் கனி வாய்விட்டுச் சிரித்தார். “அவனும் ஃபிட்டுன்னு சொல்லித்தான் உள்ள ஏறியிருப்பான்.”

படம் எடுத்து முடிந்ததும் தளத்தின் ஓரக் கம்பிப் பக்கம் போனார். குனிந்து வாந்தி எடுத்தார்.

கப்பலின் மருத்துவ அறையில் டாக்டர் பிந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இருநூற்று இருபது, நூற்று முப்பது. இன்னொரு கையிலும் பார்த்தார். அதே எண். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். “நோ டேப்லட், மேடம்,” என்றார் மைதீன் கனி, படுத்தபடியே.

ஷாஹினாஸ் வெளியே வந்து கப்பலின் வைஃபையில் உம்மாவைக் கூப்பிட்டாள்.

“உம்மா, வாப்பா பிரஷருக்கு எதாவது தின்னுதாவளா?”

உம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“நாலு வருசமாட்டு தின்னுதாவ. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ. ஏன் மக்கா?”

“கொண்டு வந்திருக்காவளா?”

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. “எல்லாம் இங்கத்தானே கெடக்கு, அல்லாவே! புது அட்டைய பிரிக்கவே இல்ல.”

திரும்பி வந்தவள் கட்டிலருகே நின்றாள். “ஏன் வாப்பா?”

“மெடிக்கல் உண்டும்னு நீதானே சொன்னா.”

“அது வெறும் ஃபாரம் வாப்பா.”

“எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்.”

ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர் தலையை நிமிர்த்தினார். மலையாளம் கலந்த தமிழில், “அப்பா, இந்தக் கப்பல்ல அறுபது தாண்டின ஆளுக நெறைய உண்டு. அதுல பாதிப் பேருக்கு பிரஷர். எல்லாரையும் எறக்கி விட்டா, பின்னே எனக்கு இங்க என்ன பணி?” என்றார்.

மைதீன் கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம், பிரஷர் உள்ளவனையும் ஏத்துவியளா?”

“உண்டுன்னு எழுதினா போதும். மருந்தையும் எடுத்துட்டு வந்தா நல்லது.”

டாக்டர் மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இருநூற்று இருபது நூற்றுத் தொண்ணூறாக இறங்கியிருந்தது. பிறகு மகளைக் கைகாட்டி அழைத்தார்.

“இனயத்துல யேசுரத்தினம்னு ஒருத்தன் உண்டு. தமாம்ல எனக்க கூட டிரைவராட்டு இருந்தவன். மறுபடியும் சவுதிக்குப் போறான். நாளைக்கில்ல, அதுக்கு அடுத்த வியாழன், திருவனந்தபுரத்துல அவனுக்கு மெடிக்கல். எனக்குள்ள அதே குளிகைதான் அவனுக்கும். அஞ்சு நாளைக்கு முன்ன நிறுத்துன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“இப்பமே போன் போடுவோம்.”

“போன்ல சொன்னா அவன் கேக்கமாட்டான். நான் தமாசு பண்ணுதேன்னு சொல்லுவான். இதெல்லாம் முகத்தப் பாத்துச் சொல்லணும். சனிக்கெழம போய்ச் சொல்லிட்டு வாறேன்.”

மறுநாள் வியாழன் காலை கப்பல் கொச்சியை நெருங்கும்போது அவர் செருப்பில் காலை நுழைக்கப் பார்த்தார். வலது கால் நுழையவில்லை. பேச வாய் எடுத்தார், பேச்சு குழறியது. டாக்டர் பிந்து முன்கூட்டியே சொல்லிவைத்த ஆம்புலன்ஸ் கரையில் நின்றது. மருத்துவமனையில் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும் என்றார்கள்.

“இரண்டு மணி நேரம் முன்பே காட்டியிருந்தால்?” என்று ஷாஹினாஸ் கேட்டாள்.

“அதை உறுதியாகச் சொல்ல முடியாது,” என்றார் அங்கிருந்த டாக்டர். அவளுடைய வேலையில் அப்படி ஒரு பதிலை அறிக்கையில் எழுத அனுமதியில்லை.

சனிக்கிழமை மதியம் மைதீன் கனி இறந்தார். ஞாயிறு காலை தேங்காய்ப்பட்டணத்தில் அடக்கம். வீடு நிறைய ஆட்கள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவுக்கு உம்மா உள்ளறையில் உட்கார்ந்தாள். ஃபாஸிலா வந்தவர்களிடமெல்லாம், உப்பா யானையைப் பார்த்துச் சிரித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதுவது என்றைக்கு வருகிறது என்று பார்க்கக் காலண்டரின் தாளைக் கிழித்தபோதுதான் ஷாஹினாஸுக்கு யேசுரத்தினத்தின் நினைவு வந்தது. அன்று வியாழக்கிழமை. வாப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இனயத்துக்குப் போனாள். சிலுவை நட்ட குருசடிக்கு அடுத்த தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். யேசுரத்தினத்தின் மனைவி செல்லபாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“கனி அண்ணனுக்க மகளா? வா மக்கா. அடக்கத்துக்கு அவிய வந்திருந்தாவ. வெளிய நின்னு அழுதுட்டு வந்தாவ. பொம்பளியளு பக்கம் உன்னப் பாக்க முடியல்லன்னு சொன்னாவ.”

“மாமா இருக்காவளா?”

“காலத்த மொத பஸ்ஸுக்குப் போயாச்சே. இண்ணைக்கு மெடிக்கல் இல்லியா.”

“குளிகை?”

“சனிக்கெழமையோட நிறுத்தியாச்சு,” என்றாள் செல்லபாய். “உப்பும் இல்ல. அவியளுக்குத் தனிக் கறி, எங்களுக்குத் தனிக் கறின்னு எனக்குத்தான் பாடு. ரெண்டு நாளாட்டுத் தல கனக்குன்னு மொனங்கினாவ. பார்லித் தண்ணி குடியும்னு சொன்னேன். எல்லாம் உங்க வாப்பா சொல்லிக்குடுத்த மொறதானே. அவரு சொன்னா தப்புமா?”

ஷாஹினாஸ் அவள் பக்கத்தில் போனாள். “நிறுத்தக் கூடாதுன்னு வாப்பா சொன்னாவ.”

“எப்பம்?”

“கப்பல்ல வெச்சு. போன புதன்கெழம. நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தாவ.”

செல்லபாய் கையிலிருந்த துணியைக் கல்லின் மேல் போட்டாள். உள்ளே போய் கைபேசியோடு வந்து எண்ணைப் போட்டாள். காதில் வைத்துக் கேட்டாள். மறுபடியும் போட்டாள்.

“ஆஃப் பண்ணிக் கெடக்கு. உள்ள போம்ப போன வாங்கி வெச்சிருவானுவளாம்.”

“எப்பம் வருவாவ?”

“சாயங்காலம் ஆவும். எந்த எடத்துலன்னு எனக்குத் தெரியாது.”

ஷாஹினாஸ் ஸ்கூட்டரின் சாவியை எடுத்துப் பையில் போட்டாள். படியில் உட்கார்ந்தாள். செல்லபாய் மூன்றாம் முறையாக எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள்.