ஊதிவிட ஒரு வாசல்

எங்கள் பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டி முடித்தபோது, செல்லூர் ஆட்டோக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணே, நகைக்கடை எப்பண்ணே தெறக்குறாக?"

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தெருவைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. தலையில் தங்கப் பெயிண்ட் அடித்த ஃபைபர் குவிமாடம். கமிட்டித் தலைவர் துபாய்க்குப் போனபோது செல்போனில் பிடித்து வந்த படம்தான் பிளான். அங்கே அதைச் சுற்றி மணலும் வானமும் இருந்திருக்கும். இங்கே தறிப்பட்டறையும் டிரான்ஸ்பார்மரும். மத்தியான வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு எதிர் டீக்கடைக்காரர் முகத்தில் அடிக்கும். "எனக்கு மட்டும் ரெண்டு சூரியன் பாய்" என்பார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். வாசலைத் தொலைத்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பழைய கட்டிடத்துக்கு ஒரே வாசல், நாலு படி. அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், விடாமல் அழுகிறது என்றால், தறிக்காரர் வீட்டுப் பெண்கள் நெற்றிக் குங்குமத்தோடு அந்தப் படியோரம் பிள்ளையை ஏந்தி நிற்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஓதி, அதன் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள்.

புதுக் கட்டிடத்தில் தரைக்குக் கீழே வண்டி நிறுத்தம். தொழுது முடித்து, லிஃப்டில் இறங்கி, வண்டியை எடுத்துப் பின்பக்கச் சரிவில் ஏறிப் பறந்துவிடுகிறோம். நானும்தான். முன்பக்கம் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடும். அதில் வெளியே வர ஆளில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு அந்தக் கதவுமுன் காத்து நின்றிருக்கிறாள். காவலாளி பிறகு சொன்னார், தான் அவளை விரட்டிய அழகை:

"ஏம்மா, இங்க நிக்காதீக. நீங்க நிக்க நிக்கக் கதவு தெறக்குது, ஏசி பூரா வெளிய போகுது."

"தொழுதவுக எப்பண்ணே வருவாக?"

"அவுக பின்னாடி போயிருப்பாக."

அவள் பின்பக்கம் ஓடி வந்து, சரிவின் உச்சியில் ஷேர் ஆட்டோவை நிறுத்துவதுபோலக் கையை நீட்டினாள். முதலில் ஏறி வந்தவர் எங்கள் தெருப் பிரியாணிக் கடை மாமா. அவர் பைக்குக்குப் பின்னால் என் பைக்.

"பாய், பிள்ளைக்கு ஊதிட்டுப் போங்க பாய். மூணு நாளாக் காய்ச்சல், ஆஸ்பத்திரி மருந்து குடுத்தும் பால் குடிக்க மாட்டேங்குது."

மாமா பிரேக்கைப் பிடித்தபடியே ஓதி ஊதினார். ஹெல்மெட் கண்ணாடிதான் மங்கியது.

"மாமா, மொதல்ல அதக் கழட்டு!" என்று கத்தினேன்.

கழற்றிவிட்டு மறுபடி ஊதினார். அடுத்து நான். பின்னால் பத்து வண்டி, ஒரே ஹாரன். கடைசியில் தலைவரின் கார். "அங்க என்னய்யா டிராஃபிக்கு?" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டார்.

"வாசல் தெறந்திருக்கு, வரிசையில வாங்க" என்றார் மாமா.

ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். தலைவர் மட்டும் ஏசி வீணாகாமல், கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, அந்தச் சந்து வழியாக ஊதினார். இறைவன் தரும் பரக்கத்திலும் சிக்கனம்.

மறுவாரமே சரிவின் உச்சியில் பளிங்குப் பலகை வந்துவிட்டது: 'இங்கே நிற்கக் கூடாது'. தங்க எழுத்து.

நேற்று அந்தப் பலகையில் சாய்ந்தபடி அவள் நின்றிருந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியை, அழுகிற குழந்தையோடு கூட்டி வந்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடிப் பக்கம் போயிராத," என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், "அது சும்மா. வாசல் இதுதான்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.